ஒன்பதரை மணிச் சாப்பாடு

சென்னையின் பழைய ஆபீஸ் குடும்பங்களில் ஒரு வழக்கம் இருந்தது. காலை ஒன்பது, ஒன்பதரைக்கெல்லாம் முழுச் சாப்பாடு. இட்லி, பொங்கல் அல்ல. சாதம், குழம்பு, ரசம், கூட்டு, மோர் என்று ஒரு வரிசை பாக்கியில்லாமல் இறங்கும். அதை முடித்துவிட்டு, ஏப்பம் விட்டபடியே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார் குடும்பத் தலைவர். மத்தியானம் ஆபீஸில் டிபன். ராத்திரி எட்டு மணிக்கு மறுபடியும் சாப்பாடு.

புதிதாகச் சம்பந்தம் செய்துகொண்ட வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்து மிரண்டுபோவார்கள். "என்னங்க இது, காலங்கார்த்தால ரசம் சாதமா?" என்று காதோடு கேட்பார்கள். "அதெல்லாம் எங்க தாத்தா காலத்துப் பழக்கம்" என்று பதில் வரும்.

தாத்தா காலத்துப் பழக்கம், சரி. தாத்தாவுக்கு அது எங்கிருந்து வந்தது? காலை ஒன்பதரைக்கு ரசம் வேண்டுமென்று எந்த வயிறும் கேட்காது. கேட்டது கடிகாரம்!

நாம் என்ன சாப்பிடுகிறோம், எப்போது சாப்பிடுகிறோம், எதில் கட்டிக்கொண்டு போகிறோம், யாருடன் உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்பதையெல்லாம் கடந்த இருநூறு வருடங்களில் மூன்று பேர் தீர்மானித்திருக்கிறார்கள். கடிகாரம், ரயில், ஆபீஸ். இந்த மூன்று பேரின் கதையைப் புரட்டினால் சரித்திரம் மட்டுமல்ல, தினசரி வாழ்க்கைக்குச் சில நல்ல டிப்ஸும் கிடைக்கின்றன. செலவில்லாத டிப்ஸ். கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் கடிகாரம்.

நம் முன்னோர்களுக்கு நேரம் என்பது நாழிகைக் கணக்கு. ஒரு நாளைக்கு அறுபது நாழிகை. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். நிழலை அளந்து பார்த்து, "உச்சிப் பொழுது ஆச்சு" என்பார்கள். அதில் நாலு நிமிடம் முன்னே பின்னே ஆனால் யாரும் மெமோ கொடுக்கப் போவதில்லை.

1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் ஒரு வானாய்வுக் கூடம் கட்டியது. கப்பல்கள் திசை தவறாமல் போக, ஓர் இடத்தின் தீர்க்கரேகை சரியாகத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. அங்கே கருவியைத் தாங்க நட்ட பெரிய கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழிலும் கல்வெட்டு உண்டு. புயல் வரும்போதெல்லாம் டி.வி.க்காரர்கள் மைக்கோடு ஓடுகிறார்களே, அதே வளாகம்தான்.

1802-ல் கோல்டிங்ஹாம் என்ற வானியலாளர் சென்னையின் நேரத்தைக் கணக்குப் போட்டுச் சொன்னார். கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால். இதுதான் 'மெட்ராஸ் டைம்'. பிற்காலத்தில் வானாய்வுக் கூடத்துக் கடிகாரத்தைக் கோட்டையில் இருந்த ஒரு பீரங்கியோடு இணைத்தார்கள். தினமும் ராத்திரி எட்டு மணிக்கு 'டமால்' என்று ஒரு சத்தம். ஊரே தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும்.

இதில் நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள ஒரு சங்கதி இருக்கிறது. ரயில்கள் ஓடத் தொடங்கியபோது ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நேரம் இருந்ததால் டைம்டேபிள் போட முடியாமல் ரயில்வேக்காரர்கள் திண்டாடினார்கள். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நடுவே இருந்த மெட்ராஸ் நேரத்தையே இந்திய ரயில்களின் பொது நேரமாக எடுத்துக்கொண்டார்கள். லாகூரில் கிளம்பும் ரயிலுக்கும் மெட்ராஸ் மணிதான்!

பம்பாய்க்காரர்களுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. 1881-ல் பம்பாய் கவர்னர் ஃபெர்குசன், ஊர் முழுவதும் மெட்ராஸ் நேரத்தையே கடைப்பிடிக்க வேண்டுமென்று சொல்லிப் பார்த்தார். பலத்த எதிர்ப்பு. 'எங்க ஊரில் சூரியன் எப்போது உதிக்க வேண்டுமென்று மெட்ராஸா சொல்வது?' என்கிற ரோஷம்தான். இரண்டே வருடத்தில் அந்த யோசனை கைவிடப்பட்டது.

கடைசியில் 1906 ஜனவரி 1 அன்று இப்போது நாம் பார்க்கும் இந்தியப் பொது நேரம் வந்தது. சென்னைக்கு அதனால் வித்தியாசம் ஒன்பது நிமிடம்கூட முழுதாக இல்லை. கடிகார முள்ளைக் கொஞ்சம் முன்னே தள்ளிவிட்டு நம்மவர்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். பம்பாய்க்கோ 39 நிமிட வித்தியாசம். புது நேரப்படி மில்லுக்கு வரவேண்டுமானால் விடிவதற்கு முன்பே எழ வேண்டும். அந்த மாதமே ஜேக்கப் சாசூன் மில் தொழிலாளர்கள் கொதித்தெழுந்து கல்லெறிந்தார்கள். விஷயம் வெறும் முள் நகர்வதல்ல, தங்கள் தூக்கமும் கஞ்சியும் பறிபோகிறது என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. பம்பாய் நகரம் 1955 வரை தன் சொந்த நேரத்தையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிப்ஸ் நம்பர் ஒன்று: வீட்டு ஹால் கடிகாரத்தை ஒன்பது நிமிடம் முன்னால் வையுங்கள். 1906-ல் அரசாங்கமே சென்னைக்குச் செய்த வைத்தியம்தானே! ஒரு நிபந்தனை. நீங்களே வைத்தால் பலிக்காது. 'ஒன்பது நிமிஷம் ஃபாஸ்ட்தானே' என்று மனசு கழித்துவிடும். வீட்டில் வேறு யாரையாவது, எத்தனை நிமிடம் என்று சொல்லாமல் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். செல்போனில் மணி பார்க்காமல் இருந்தால் இன்னும் விசேஷம்.

அடுத்து, ரயில்.

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். மாட்டு வண்டிக்காரரிடம், "அண்ணே, ஒரு நிமிஷம் நிறுத்துங்க" என்று சொல்லலாம். அவரும் நிறுத்திவிட்டு, சாவகாசமாக ஒரு வெற்றிலை போட்டுக்கொள்வார். ரயில் கார்டிடம் இந்தக் கதை நடக்குமா? பச்சைக் கொடி அசைந்தால் அசைந்ததுதான்.

இதில் சிக்கிக்கொண்டவர்களிலேயே புகழ்பெற்றவர் வங்காளத்தைச் சேர்ந்த ஓகில் சந்திர சென். அந்தக் காலத்தில் கீழ்வகுப்புப் பெட்டிகளில் கழிப்பறை கிடையாது. மனுஷர் 1909-ல் பலாப்பழத்தை ஒரு கை பார்த்துவிட்டு ரயில் ஏறியிருக்கிறார். அகமதுபூர் ஸ்டேஷனில் வயிறு விசில் அடித்தது. இறங்கி ஓடினார். அவர் காரியம் முடியும் முன் கார்டு விசில் அடித்துவிட்டார். ஒரு கையில் செம்பு, இன்னொரு கையில் வேட்டி. ஓடி வந்தவர் பிளாட்பாரத்தில் விழுந்து, ஆண் பெண் அத்தனை பேர் முன்னாலும் மானம் போனது. ரயிலும் போனது.

சென் சும்மா விடவில்லை. அந்த கார்டுக்கு அபராதம் போட வேண்டும், இல்லாவிட்டால் பத்திரிகைக்கு எழுதிவிடுவேன் என்று தத்துப்பித்து இங்கிலீஷில் ரயில்வே அலுவலகத்துக்கு ஒரு புகார் அனுப்பினார். அந்தக் கடிதம் டெல்லி ரயில் மியூசியத்தில் காட்சிப் பொருளாகிவிட்டது. கீழ்வகுப்புப் பெட்டிகளில் கழிப்பறை வந்ததற்கே இந்தக் கடிதம்தான் காரணம் என்று ரயில்வே வட்டாரத்தில் பெருமையாகச் சொல்வதுண்டு.

சிரித்தாகிவிட்டதா? இப்போது இன்னொன்று. பயணிகளுக்கு நூறு வருடத்துக்கு முன்பே கிடைத்துவிட்ட அந்த வசதி, ரயிலை ஓட்டுகிற டிரைவருக்கு எப்போது கிடைத்தது தெரியுமா? 2016-ல்தான் முதன்முதலாக ஓர் எஞ்சினில் கழிப்பறை வைத்தார்கள். அதுவரை மணிக்கணக்காக அடக்கிக்கொண்டுதான் நம்மை ஊர் சேர்த்திருக்கிறார்கள். நம் சௌகரியத்தை நடத்திக் கொடுக்கிறவரின் சௌகரியம் எப்போதும் கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. இதைக் கொஞ்சம் மனசில் வையுங்கள். பிறகு தேவைப்படும்.

டிப்ஸ் நம்பர் இரண்டு: பயணத்துக்கு முன்னால் புது பதார்த்தம், பலமான பதார்த்தம் இரண்டுமே வேண்டாம். பாட்டிமார்கள் ரயிலுக்குக் கட்டிக் கொடுத்ததைப் பாருங்கள். மிளகாய்ப்பொடியில் நல்லெண்ணெய் குழைத்து இரண்டு பக்கமும் தடவிய இட்லி. இல்லாவிட்டால் புளியோதரை. புளியின் புளிப்பும், உப்பும், எண்ணெயும் சேர்ந்த சாதத்தில் கிருமிகள் அத்தனை சுலபமாகக் கடை விரிக்க முடியாது. தேங்காய்ச் சட்னி அப்படியில்லை, விழுப்புரம் தாண்டுவதற்குள் ஊசிப்போகும். பாட்டிக்கு கெமிஸ்ட்ரி தெரியாது. ஆனால், கெமிஸ்ட்ரிக்குப் பாட்டியைத் தெரிந்திருந்தது.

மூன்றாவது ஆள் ஆபீஸ்.

கோட்டையிலும், பாரிமுனையிலும், ஐகோர்ட்டிலும் வேலை பார்க்கப் போன குமாஸ்தாக்களுக்கும் வக்கீல்களுக்கும் பத்து மணி என்பது லட்சுமணக் கோடு. பழைய கிராமத்துக் கணக்கில் பெரிய சாப்பாடு உச்சிப் பொழுதில். அந்த நேரத்தில் இவர் ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பார். வெளியே போய்ச் சாப்பிடவும் வழியில்லை. (ஏன் வழியில்லை என்பது தனிக்கதை, வருகிறேன்.) ஆகவே, உச்சிவேளைச் சாப்பாட்டை அப்படியே தூக்கி ஒன்பதரை மணிக்கு வைத்தார்கள். பிரச்னை தீர்ந்தது!

முழுசாகத் தீரவில்லை. ஒன்பதரைக்குச் சாப்பிட்டால் இரண்டு, மூன்று மணிக்கு வயிறு கேட்குமே? அந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் டிபன். இந்த வார்த்தைக்கும் ஒரு கதை உண்டு. வேளை கெட்ட வேளையில் ஒரு வாய் குடிப்பதை இங்கிலீஷ் கொச்சையில் 'டிஃபிங்' என்றார்கள். இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்காரர்கள், வெயிலில் மத்தியானம் கனமாகச் சாப்பிட முடியாமல் லேசாக எதையாவது கொறித்து அதை 'டிஃபின்' என்று அழைத்தார்கள். 1886-ல் வந்த 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' அகராதியிலேயே இந்த வார்த்தைக்கு விளக்கம் இருக்கிறது. அதே வார்த்தை பம்பாயில் டப்பாவில் போகும் மத்தியானச் சாப்பாடாகவும், நம் ஊரில் இட்லி, தோசை, பஜ்ஜி, போண்டாவாகவும் அவதாரம் எடுத்தது.

இன்னொரு பக்கம் வீடு தூரமாகிக்கொண்டே போனது. 1895 மே 7 அன்று சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே முதலாவது. லண்டன் நகரத்துக்கு மின்சார டிராம் வந்ததே 1901-ல்தான். 1953 ஏப்ரல் வரை நம் டிராம் மணியடித்துக்கொண்டு ஓடியது. 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்சார ரயில் வந்தது. மாம்பலத்திலும் சைதாப்பேட்டையிலும் குடியிருந்துகொண்டு கோட்டைக்குப் போய் வரலாம் என்றானது. மீட்டர்கேஜில் ஓடிய அந்த ரயில் 2004 வரை சென்னைவாசிகளைப் பிதுக்கி எடுத்து ஆபீஸில் சேர்த்தது.

ரயில் வேகமானபோது நேரம் மிச்சமாகியிருக்க வேண்டுமில்லையா? ஆகவில்லை. வேகம் கூடக் கூட வீட்டை இன்னும் தள்ளிக் கொண்டுபோனோம். மாம்பலம் குரோம்பேட்டை ஆனது, குரோம்பேட்டை கூடுவாஞ்சேரி ஆனது. மிச்சமான நிமிடத்தையெல்லாம் கிலோமீட்டராக மாற்றிக்கொண்டோம்.

டிப்ஸ் நம்பர் மூன்று: வீடு பார்க்கப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். அன்றைக்கு எல்லா வீடும் ஆபீஸுக்குப் பக்கம்தான்! திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அந்த வாசலிலிருந்து கிளம்பி ஆபீஸ் நாற்காலியில் உட்காரும்வரை கணக்குப் போடுங்கள். புரோக்கர் கிலோமீட்டர் சொல்வார். நீங்கள் நிமிடம் கேளுங்கள்.

டிப்ஸ் நம்பர் நான்கு: மீட்டிங் எப்போது முடியும் என்று தெரியாத ஆபீஸில் இருக்கிறீர்களா? தாத்தாவின் ஃபார்முலா இன்றைக்கும் வேலை செய்யும். காலையில் நிறைவாகச் சாப்பிட்டுவிட்டு, மத்தியானத்துக்குச் சின்ன டிபன். காலையில் வெறும் காபி, பகல் மூன்று மணிக்கு ஒரு குண்டான் பிரியாணி என்று இருப்பவர்கள், நாலு மணி மீட்டிங்கில் எதற்குத் தலையாட்டுகிறோம் என்று தெரியாமல் தலையாட்டுவார்கள். அது சம்மதம் அல்ல, தூக்கம்.

இனி டப்பாவைத் திறப்போம்.

அந்தக் காலத்து டிபன் கேரியர் பித்தளை. பித்தளையில் புளிக்குழம்பை வைத்தால் பச்சையாகக் களிம்பு ஏறும். அதனால்தான் உள்ளே ஈயம் பூசுவார்கள். "பாத்திரத்துக்கு ஈயம் பூசறது..." என்று தெருவில் கேட்ட அந்தக் குரல் ஒரு சுகாதாரத் துறை!

பிறகு அலுமினியம் வந்தது. பள்ளிக்கூடப் பையிலும் ஆபீஸ் பையிலும் வருடக்கணக்கில் நசுங்கிக் கிடந்ததே, அந்த அலுமினியத்துக்கும் சென்னைக்கும் ஒரு சொந்தம் உண்டு. ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற இன்ஜினீயரிங் பேராசிரியர், 1898-ல் சென்னை ஓவியக் கலைப் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். எழும்பூர் பக்கம் இருக்கிற இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரிதான் அது. சித்திரமும் சிற்பமும் கற்றுக்கொடுக்கிற இடத்தில் சட்டியும் குண்டானும்! நலிந்து கிடந்த பாத்திரத் தொழிலாளர்களுக்கு ஒரு புது உலோகத்தைப் பழக்கிக் கொடுத்துப் பிழைக்கவைக்கலாம் என்பது அவர் எண்ணம். எவர்சில்வர் வீட்டுக்கு வீடு வந்து மற்றவர்களையெல்லாம் பரணுக்கு அனுப்பியது அதற்கு ரொம்பப் பிறகு.

டிப்ஸ் நம்பர் ஐந்து: அலுமினிய டப்பாவில் புளி, தக்காளி, தயிர் கூடவே கூடாது. புளிப்பு அந்த உலோகத்தை அரிக்கும், ருசியும் கெடும். எவர்சில்வரில் தயிர் சாதம் கட்டுகிறவர்கள், சாதத்தைச் சூட்டோடு மசித்துப் பாலை ஊற்றுங்கள். ஆறியபிறகு ஒரே ஒரு ஸ்பூன் தயிர். பத்து மணி வெயிலில் பஸ்ஸில் போகப்போக அதுவே மெள்ளத் தோய்ந்து, ஒரு மணிக்குத் திறக்கும்போது பதமாக இருக்கும். நம் ஊர் வெயிலை வேலை வாங்குகிற ஒரே ஆபீஸ் இதுதான். முக்கியமாக, ஆவி பறக்கப் பறக்க மூடியைப் போடாதீர்கள். ஆவி தண்ணீராகிச் சாதத்திலேயே சொட்டும்.

சென்னைக்காரர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். பம்பாய்க்காரர் என்ன செய்தார்? அங்கே தூரம் அதிகம். விடியற்காலையிலேயே ரயிலைப் பிடிக்க வேண்டும். அதனால் ஆள் முன்னே போக, சாப்பாடு பின்னால் போனது. 1890 வாக்கில் மகாதேவ் ஹாவாஜி பச்சே என்பவர் சுமார் நூறு ஆட்களோடு தொடங்கிய வேலை அது. அவர்கள்தான் டப்பாவாலாக்கள். பெரும்பாலும் புனே பக்கத்துக் கிராமத்து மனிதர்கள். காலையில் வீடுகளில் டப்பாவை எடுத்து, ரயிலேற்றி, ஆபீஸ் மேஜைக்குக் கொண்டுபோய், சாயங்காலத்துக்குள் காலி டப்பாவை வீடு சேர்க்க வேண்டும். மூடிமேல் பேர் கிடையாது. நிறமும், எண்ணும், ஓரிரு எழுத்துகளும்தான். எந்த ஸ்டேஷனில் இறக்குவது, எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி என்பதெல்லாம் அந்தக் கிறுக்கலில் அடக்கம். ஸ்டேஷனில் ரயில் நிற்கும் சில விநாடிகளுக்குள் ஏற்றி இறக்கியாக வேண்டும்.

1998-ல் 'ஃபோர்ப்ஸ்' பத்திரிகை இவர்களைப் பற்றி எழுதியது. ஒரு கோடியே அறுபது லட்சம் டெலிவரிகளில் ஒரே ஒரு தவறு என்று அதில் ஒரு கணக்கு. உலகமே வாயைப் பிளந்தது. மேனேஜ்மென்ட் வகுப்புகளில் 'சிக்ஸ் சிக்மா சான்றிதழ் பெற்றவர்கள்' என்று ஸ்லைடு போட்டார்கள். 2003-ல் இளவரசர் சார்லஸ் சர்ச்கேட் ஸ்டேஷனுக்கே வந்து அவர்களைச் சந்தித்தார். 2005-ல் தன் கல்யாணத்துக்கும் அழைத்தார்.

அந்தக் கணக்கு எப்படி வந்தது? கட்டுரையை எழுதிய நிருபரே பிற்பாடு விளக்கினார். டப்பாவாலாக்களின் தலைவரிடம், "எப்போதாவது தப்பு நடக்குமா?" என்று கேட்டிருக்கிறார். "அநேகமாகக் கிடையாது, இரண்டு மாதத்துக்கு ஒன்று இருக்கலாம்" என்று பதில். அதை தினசரி டப்பாக்களின் எண்ணிக்கையோடு வகுத்துப் பார்த்தார் நிருபர். அவ்வளவுதான்! சான்றிதழ் எதுவும் தாங்கள் கொடுக்கவில்லை, சிக்ஸ் சிக்மா என்ற வார்த்தையையே தான் எழுதவில்லை என்றும் சொல்லிவிட்டார்.

இதனால் டப்பாவாலாக்களின் மதிப்பு ஒரு குந்துமணிகூடக் குறையாது. தினமும் இரண்டு லட்சம் டப்பாக்கள் என்று சொல்லப்பட்ட வேலையைக் கம்ப்யூட்டர் இல்லாமல் செய்தவர்களுக்கு சர்ட்டிஃபிகேட் எதற்கு? தேவைப்பட்டது நமக்குத்தான்.

டிப்ஸ் நம்பர் ஆறு: ஆபீஸில் யாராவது பளபளவென்று ஒரு புள்ளிவிவரத்தை ஸ்லைடில் போட்டால், "சார், இதை எப்படிக் கணக்குப் போட்டீங்க?" என்று பணிவாகக் கேளுங்கள். பாதி மீட்டிங் அங்கேயே முடிந்துவிடும். அப்புறம், ஆபீஸ் ஃப்ரிட்ஜில் வைக்கிற டப்பாவின் மூடியில் பெரிய சிவப்புப் பொட்டு ஒன்று வையுங்கள். பேர் எழுதினால் யாரும் படிப்பதில்லை, நிறம் தூரத்திலிருந்தே தெரியும். டப்பாவாலாக்களின் பாடம் இது.

இப்போது, தனிக்கதை என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன்.

அன்றைய குமாஸ்தா ஏன் வெளியே சாப்பிடவில்லை? காசு ஒரு காரணம். ருசி ஒரு காரணம். ஆனால், பெரிய காரணம் சாதி. யார் சமைத்தது, பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்ற கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் ஒரு கவளம்கூட இறங்காத காலம். ஒன்பதரை மணிச் சாப்பாட்டுக்குள்ளும், மூடிய டப்பாவுக்குள்ளும் இந்த பயமும் சேர்த்தே வைத்துக் கட்டப்பட்டிருந்தது.

ரயில் இந்த ஏற்பாட்டை உலுக்கியது. டிக்கெட் வாங்கியவர்கள் எல்லாரும் ஒரே பலகையில் இடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. உட்காரும் விஷயத்தில் தோற்றவர்கள் சாப்பாட்டு விஷயத்தில் ஜெயிக்கப் பார்த்தார்கள். தென்னிந்திய ரயில் நிலைய உணவு விடுதிகளில் 'பிராமணாள்' என்று ஒரு பகுதி, 'இதராள்' என்று இன்னொரு பகுதி. ஒரே ரயில், ஒரே காசு, சாப்பிட மட்டும் வேறு வேறு இடம்.

சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்ட விவகாரம் 1924, 25-ல் தமிழ்நாட்டு அரசியலையே புரட்டிப்போட்டது. சில சிறுவர்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்ற கேள்விதான். அதற்காகக் காங்கிரஸுக்குள்ளேயே பிளவு வந்தது. பெரியாரும் நீதிக்கட்சியினரும் போராடியதன் விளைவாக, ரயில் நிலைய விடுதிகளில் அந்தப் பிரிவினை 1941-ல் ஒழிந்தது. தனியார் ஹோட்டல்களில் போர்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கஃபே வாசலில் பெரியாரின் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்தார்கள். மாதக்கணக்கில் கைதாகிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் 'பிராமணாள்' என்ற அந்த வார்த்தை போர்டிலிருந்து இறங்கியது.

இன்றைக்கு ஆபீஸ் கேன்டீனில் "உன் டப்பாவுல என்ன?" என்று கேட்டு, பதில் வரும் முன்னே கையை விடுகிறோமே, அது சும்மா வந்த உரிமை இல்லை. அதற்காகச் சிலர் ஜெயிலுக்குப் போயிருக்கிறார்கள். ஒருவர் கொண்டுவந்த வத்தக்குழம்பும் இன்னொருவர் கொண்டுவந்த கருவாட்டுத் தொக்கும் ஒரே மேஜையில் திறக்கிற அந்த அரை மணி நேரம், நம் சரித்திரத்தில் ரொம்பப் புதுசு. எல்லா ஆபீஸிலும் இன்னும் வரவுமில்லை. 'இங்கே அசைவம் கொண்டு வராதீர்கள்' என்று சொல்லாமல் சொல்கிற மேஜைகள் இருக்கத்தான் செய்கின்றன.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கடற்கரை - தாம்பரம் ரயில் நின்றது, பம்பாய் லோக்கலும் நின்றது. டப்பாவாலாக்கள் பலர் ஊருக்குத் திரும்பி வேறு பிழைப்பு பார்த்தார்கள். ஆபீஸ் வீட்டுக்கே வந்து சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பாக உட்கார்ந்துகொண்டது. டிராஃபிக் இல்லை, டப்பா கட்டும் வேலை இல்லை, சொர்க்கம் என்று முதலில் தோன்றியது. கொஞ்ச நாளிலேயே பலருக்கும் ஒரு சந்தேகம். சமையலறை பத்தடி தூரத்தில் இருக்கிறது, ஆனாலும் மத்தியானச் சாப்பாடு ஏன் நாலு மணி ஆகிறது? ஒரு மணிக்கு, "வாப்பா, சாப்பிடப் போலாம்" என்று கூப்பிட ஆள் இல்லை, அதுதான் காரணம்! பசியைவிடப் பக்கத்து சீட்டுக்காரர்தான் அத்தனை வருடம் நம்மை வேளைக்குச் சாப்பிட வைத்திருக்கிறார்.

டிப்ஸ் நம்பர் ஏழு, கடைசி. ரயில் டிரைவரை மனசில் வைக்கச் சொன்னேன் இல்லையா? நம் ஆபீஸிலும் அப்படிச் சிலர் உண்டு. மாடிப்படி வளைவில் உட்கார்ந்து அவசர அவசரமாகச் சாப்பிடுகிற ஹவுஸ்கீப்பிங் அக்கா. கேட்டை விட்டு நகர முடியாமல் மூன்று மணிக்கு டப்பாவைத் திறக்கிற செக்யூரிட்டி அண்ணன். நமக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அடுத்த ஆர்டருக்கு ஓடுகிற டெலிவரி தம்பி. இவர்களுக்கு போர்டு எதுவும் மாட்டி நாம் தடுக்கவில்லை. ஆனால், மேஜையில் இடம் இருந்தும் அவர்கள் ஏன் படிக்கட்டில் உட்காருகிறார்கள் என்று நாம் கேட்பதுமில்லை.

நாளைக்கு டப்பாவைத் திறக்கும்போது ஒரு நாற்காலியை அந்த அக்கா பக்கம் இழுத்துப் போடுங்கள். "சாப்பிட்டாச்சாக்கா? வாங்க, இங்க உக்காருங்க" என்று கூப்பிடுங்கள். முதல் நாள் கூச்சப்பட்டு, "இருக்கட்டும் சார்" என்பார். மறுநாளும் கூப்பிடுங்கள். அவர் டப்பாவில் என்ன குழம்பு என்று உங்களுக்குத் தெரியும் நாளில், இந்த ஏழு டிப்ஸில் ஒன்றாவது உருப்படியாகப் பலித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.